வீட்டு கட்டிங் மெஷினில் ஸ்டென்சிலும் குயில்ட்டும்: ஒரு கோலத்தை வைத்து முழு வழிகாட்டி

ரேடியம் ஸ்டிக்கர் கடை வாசலில் நின்றிருந்தால் அந்த மெஷினைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கர் ஷீட்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே, பென்சில் முனை அளவுக் கத்தி ஒன்று 'முருகன் துணை' என்று கீறிக்கொண்டிருக்கும். வீட்டு கட்டிங் மெஷின் அதன் தம்பி. அகலம் 12 இஞ்ச், மேசைமேல் அடங்கிவிடும். ஸ்டிக்கரோடு நிற்காமல் பிளாஸ்டிக் ஷீட், அட்டை, துணி எல்லாவற்றையும் வெட்டும்.

வாங்கிய பலர் நாலு பிறந்தநாள் அட்டை வெட்டிவிட்டு மெஷினுக்கு உறை போட்டு மூடிவிடுகிறார்கள். தையல் தெரிந்தவர்கள் கையில் அது தூங்கவே கூடாது. ஆனால் ஒன்று: எந்த வேலையை இதற்குக் கொடுக்கக் கூடாது என்பது தெரிய வேண்டும். நேர்க்கோட்டுக்கு அடிக்கோலும் கத்தரியும் போதும். வளைவு, ஒரே அச்சில் ஐம்பது துண்டு, ஸ்டென்சில் (சாக்கோ பெயிண்டோ இறங்க வடிவத்தை ஓட்டையாக வெட்டிய ஷீட்) இந்த மூன்றுக்கும்தான் மெஷின். இந்தப் பிரிவினை புரியாமல், சதுரம் சதுரமாக மெஷினில் வெட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் தொலைத்திருக்கிறேன்.

இங்கே ஒரே ஒரு பொருளைச் செய்து முடிப்போம். நடுவில் சிக்குக் கோலம் தைத்த 16க்கு 14 இஞ்ச் குயில்ட் துண்டு. கோலத்தை ஸ்டென்சிலாக வெட்டி, அதை வைத்துத் துணியில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் தைப்போம். சுவரில் மாட்டலாம், சாய்வு மெத்தைக்கு முகப்பாக வைக்கலாம். மேல்துணி, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, அடித்துணி, இந்த மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குயில்ட். கர்நாடகத்து சித்தி இனப் பெண்கள் பழைய துணித் துண்டுகளை ஒட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு வருவார்கள். மெஷின் என்ன, ஸ்கேல்கூட இல்லாமல். அதனால் மெஷின் இருந்தால்தான் குயில்ட் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எந்த மெஷின்

சந்தையில் மூன்று குடும்பங்கள் பிரபலம்: கிரிகட், சில்லுவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்-அண்ட்-கட். ஸ்டென்சில் மட்டும் போதுமென்றால் எதை வாங்கினாலும் சரி. துணி என்று வரும்போதுதான் வித்தியாசம்.

கிரிகட்டில் மேக்கர் வகைக்கு மட்டும் சுழல் கத்தி உண்டு. பீட்சா வெட்டும் சக்கரத்தைக் குட்டியாக்கியது போல இருக்கும். துணிக்குப் பின்னால் எதுவும் ஒட்டாமலே வெட்டிவிடும். எக்ஸ்ப்ளோர் வகையில் அது பொருந்தாது. துணிக்குப் பின்னால் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் அடுக்கு) ஒட்டித்தான் வெட்ட வேண்டும். கேமியோவில் 4ஆம் பதிப்பிலிருந்து சுழல் கத்தி மாட்டலாம். பிரதரின் சிறப்பு, உள்ளேயே ஸ்கேனர் இருப்பது. பேப்பரில் கையால் வரைந்த கோலத்தை வைத்தால் படித்துக்கொண்டு வெட்டும். தையலுக்கு விடும் கால் இஞ்சைத் தானே சேர்த்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. கம்ப்யூட்டரே வேண்டாம் என்பவர்களுக்கு அது. கிரிகட்டின் மென்பொருளுக்குக் கணக்கு வேண்டும், பெரும்பாலும் இணையமும் வேண்டும். கேமியோவின் மென்பொருள் இணையம் இல்லாமலும் ஓடும். அடிக்கடி நெட் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

மெஷின் விலையோடு கணக்கு முடியாது. மேட்டும் (வெட்டும் பொருளை ஒட்டி மெஷினுக்குள் அனுப்பும் பசைத் தட்டு) கத்தியும் தேய்ந்துகொண்டே இருக்கும். துணி வெட்ட ஆரம்பித்துவிட்டால் மேட்தான் முதலில் போகும். ஒன்றைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

எறும்புப் பரீட்சை

ஸ்டென்சிலில் முதல் முறை எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். 'அம்மா' என்று பெரிதாக எழுதி வெட்டினேன். ஷீட்டைத் தூக்கியதும் எழுத்துகளின் வட்டத்துக்குள் இருந்த துண்டுகளெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. கையில் மிஞ்சியது ஓட்டை. பெயிண்ட் அடித்தால் எழுத்து வராது, வீங்கிய கறை வரும்.

ஸ்டென்சிலில் கறுப்பெல்லாம் விழப்போகிற இடம், வெள்ளையெல்லாம் நிற்க வேண்டிய ஷீட். வெட்டுவதற்கு முன் திரையில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஷீட்டின் ஓரத்தில் ஒரு எறும்பை விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பை மிதிக்காமல், வெள்ளையிலேயே நடந்து எல்லா வெள்ளைப் பகுதிக்கும் அது போய்ச் சேர வேண்டும். போக முடியாத இடம் இருந்தால் அது தீவு. வெட்டியதும் உதிரும். அங்கே ஒரு பாலம் போட வேண்டும், அதாவது கறுப்புக் கோட்டைக் கொஞ்சம் அறுத்து எறும்புக்கு வழிவிட வேண்டும்.

தமிழ் எழுத்துகளில் ட, ப போன்றவற்றுக்குப் பாலமே தேவையில்லை. அ, க, வ, ண, ன என்று சுழியுள்ளவற்றுக்கெல்லாம் தேவை. மெய்யெழுத்தின் புள்ளியால் தொல்லையில்லை, அது வெறும் ஓட்டை. ஆங்கிலத்துக்கு ஸ்டென்சில் எழுத்துரு நிறையக் கிடைக்கும். தமிழுக்கு நாமே பாலம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சுழியின் மெல்லிய பக்கத்தில், படுக்கைவாட்டாகப் போட்டால் எழுத்தின் முகம் கெடாது. எல்லா எழுத்திலும் பாலம் ஒரே சாய்வில் இருந்தால் அதுவே ஓர் அழகு.

தமிழில் இன்னொரு தொல்லை: மெஷினோடு வருகிற மென்பொருளில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் சில நேரம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அதனால் எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அடியுங்கள். இலவச மென்பொருள், தமிழ் யூனிகோடை ஒழுங்காகக் கோக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது கட்டமரான் எழுத்துருவில் தடித்த வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', அடுத்து 'யூனியன்'. இப்போது அது எழுத்தல்ல, வெறும் வடிவம். எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் எந்த மெஷினும் குழப்பமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

கோலத்தை வரைவது

குயில்ட்டில் தைப்பதற்கு சிக்குக் கோலத்தைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், ஒரே இழையில் முடிகிற கோலமாக இருந்தால் நூலை அறுக்காமலே தைத்து முடித்துவிடலாம். எது ஒரே இழையில் முடியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கோடு குறுக்கே வெட்டிக்கொள்ளும்படி போடும் கோலத்தில், இரண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை இழை. 3க்கு 3 போட்டால் மூன்று இழை. 3க்கு 4 போட்டால் ஒன்றுதான். 4க்கு 5ம் ஒன்றுதான். 4க்கு 6 என்றால் இரண்டு.

நாம் 3க்கு 4 எடுத்துக்கொள்வோம். புள்ளிக்குப் புள்ளி இரண்டரை இஞ்ச் இடைவெளி வைத்தால் கோலம் 10க்கு ஏழரை இஞ்ச் வரும். 12 இஞ்ச் மேட்டில் கிரிகட் வெட்டக்கூடிய எல்லை 11.5 இஞ்ச், அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது எறும்பை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு கூடு, பன்னிரண்டும் தீவு. ஆளுக்கொரு பாலம் போட்டால் கோலம் தேய்ந்த அச்சு மாதிரி இருக்கும். அதைவிட நல்ல வழி கோலத்துக்குள்ளேயே இருக்கிறது. கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்று மேலேயும் இன்னொன்று அடியிலும் போவதாக, பாய் முடைவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் போகிற கோட்டை மட்டும், மேல் கோட்டின் இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் அறுத்துவிடுங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு சந்திப்பில் மேல், அடுத்ததில் கீழ் என்று மாற்றி மாற்றிச் செய்தால் போதும். 3க்கு 4 கோலத்தில் 17 சந்திப்புகள். முடிவில் கோலம் 17 தனித்தனி வில்லாக நிற்கும், எதுவும் வட்டமாக மூடியிருக்காது. மூடிய வளையம் இல்லையென்றால் தீவும் இல்லை. வேறு ஒரு பாலமும் வேண்டாம். கூடவே முடைந்தது போன்ற தோற்றமும் வந்துவிடும்.

இங்க்ஸ்கேப்பில் செய்யும் வரிசை:

1. இரண்டரை இஞ்ச் கட்டத்தை இயக்கி, 12 புள்ளிகளை வைத்து அவற்றைச் சுற்றிக் கோலத்தை ஒரே கோடாக வரையுங்கள். காகிதத்தில் போட்ட கோலத்தை போட்டோ எடுத்துப் பின்னால் வைத்து வரைந்தால் எளிது.
2. கோட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர். சாக்கோ பேனாவோ உள்ளே நுழைய அவ்வளவு வேண்டும். பிறகு 'ஸ்ட்ரோக் டு பாத்'.
3. 3க்கு 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு குட்டிச் செவ்வகம் செய்து, பிரதி எடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் அடிக்கோட்டின் மேல் இரண்டிரண்டு வையுங்கள். மொத்தம் 34. எல்லாவற்றையும் யூனியன் செய்து, கோலத்திலிருந்து 'டிஃபரன்ஸ்' கொடுங்கள்.
4. புள்ளிகளை அழித்துவிடுங்கள். தைக்கும்போது அவை தேவையில்லை.
5. ஓரமாக, சரியாக 1 இஞ்ச் சதுரம் ஒன்றை வைத்துச் சேமியுங்கள்.

அந்த ஐந்தாவது அடி கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மென்பொருள் 1 இஞ்சுக்கு 96 புள்ளி என்று எழுதிய கோப்பை இன்னொன்று 72 என்று படித்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 6 இஞ்ச் பூ 8 இஞ்ச் ஆகும். கோப்பைத் திறந்ததும் அந்தச் சதுரம் 1 இஞ்ச் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துச் சரிசெய்துவிட்டு, சதுரத்தை நீக்குங்கள்.

ஷீட்டும் வெட்டும்

திரும்பத் திரும்பப் பயன்படுத்த மைலார் எனப்படும் பாலியெஸ்டர் ஷீட்தான் சரி. 125 மைக்ரான் எல்லா மெஷினிலும் ஓடும். 190 நீண்ட நாள் உழைக்கும். 250க்கு நல்ல அழுத்தமும் பொறுமையும் வேண்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஓஹெச்பி ஷீட் பழகுவதற்குப் போதும், ஆனால் நாலைந்து தடவையில் பாலங்கள் மடங்கிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் நல்ல பாலியெஸ்டர்தான். கறுப்பாக இருப்பதால் அடியில் உள்ள துணி தெரியாது என்பது ஒன்றே குறை. ஒரே ஒரு தடவை பெயிண்ட் அடிக்க மட்டும் என்றால், எடுத்தால் வந்துவிடும் வகை ஸ்டிக்கர் ஷீட்டே மேல். துணியோடு ஒட்டிக்கொள்வதால் பெயிண்ட் அடியில் கசியாது.

மைலாருக்கு அழுத்தமான ஒட்டுள்ள மேட் எடுங்கள். ஷீட்டை வைத்து ரோலரால் அழுத்தி, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஷீட் ஒரு நூல் நகர்ந்தாலும் இரண்டாவது தடவை கத்தி வேறு பாதையில் போகும். கத்தி எக்ஸ்ப்ளோரிலும் மேக்கரிலும் வழக்கமாக வருகிற 45 டிகிரி நுண்முனையே போதும். 250 மைக்ரான் என்றால் 60 டிகிரி ஆழக் கத்தி.

அமைப்புகளை மெஷின் சொல்கிறதே என்று அப்படியே நம்பாதீர்கள். ஷீட்டின் மூலையில் அரை இஞ்ச் வட்டம் ஒன்றும் அதற்குள் முக்கோணம் ஒன்றும் வெட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் முனை கூராக விழுந்தால் கத்தி சரி. மழுங்கியோ கிழிந்தோ வந்தால் கத்தி தேய்ந்திருக்கிறது, அல்லது வேகம் அதிகம். ஒரே தடவையில் ஆழமாக அழுத்துவதைவிட, குறைந்த அழுத்தத்தில் இரண்டு மூன்று தடவை ஓட்டுவது நல்லது. மேட்டும் பிழைக்கும்.

முக்கியம்: வெட்டி முடித்ததும் மேட்டை வெளியே தள்ளும் பொத்தானை உடனே அமுக்காதீர்கள். உள்ளே இருக்கும்போதே ஒரு துண்டின் ஓரத்தை ஊசியால் நெம்பிப் பாருங்கள். முழுதாக வெட்டுப்படவில்லை என்றால் அதே இடத்தில் இன்னொரு தடவை ஓட்டலாம். வெளியே எடுத்துவிட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

ஷீட்டை மேட்டிலிருந்து உரிக்கக் கூடாது; மேட்டைத்தான் ஷீட்டிலிருந்து உரிக்க வேண்டும். ஷீட் முகம் மேசையைப் பார்க்கும்படி கவிழ்த்து, மேட்டின் மூலையைப் பின்பக்கமாக வளைத்து இழுத்தால் ஷீட் சுருளாமல் மேசையில் படுத்திருக்கும். 17 வில்களும் பெரும்பாலும் மேட்டிலேயே தங்கிவிடும்.

துணி

இது மெஷின் வேலைக்கு முந்தைய வேலை. அவசரப்படுகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

காட்டன் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். பிறகு கஞ்சி. சேலைக்குப் போடுகிற அதே சவ்வரிசிக் கஞ்சிதான், கொஞ்சம் கெட்டியாக. அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். கஞ்சி போடாத துணியில் கத்தி நூலை வெட்டாமல் தள்ளிக்கொண்டு போகும்; வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாக வரும். கஞ்சி போட்ட துணியும் போடாத துணியும் அடுத்தடுத்து ஒரே மேட்டில் வைத்து ஒரு தடவை வெட்டிப் பாருங்கள், அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாவு நூல் மேட்டின் கோட்டுக்கு இணையாக இருக்கும்படி துணியை வையுங்கள். துணியின் கரையைப் பார்த்தால் பாவு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று தெரியும். கிராஸில் வெட்டுப்பட்ட ஓரம் தைக்கும்போது இழுபட்டு நீளும். நல்ல பக்கம் கீழே, பின்பக்கம் மேலே வைப்பது வழக்கம். அப்போதுதான் கழுவினால் போகும் பேனாவால் மெஷின் தையல் கோட்டைப் பின்பக்கத்தில் வரையும்.

துணிக்கென்று இருக்கும் இளஞ்சிவப்பு மேட்டைக் கையால் தடவாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டாலே ஒட்டும் தன்மை போய்விடும். துணியைப் பரப்பி ரோலர் உருட்டுங்கள். வெட்டிய பிறகு நூல் பிசிறுகளைச் சுரண்டாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். எல்லா நூலையும் எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. கொஞ்சம் நூல் இருந்தாலும் மேட் ஒட்டும். அட்டைக்கும் ஸ்டிக்கருக்கும் பயன்படும் பச்சை மேட்டை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்தால் ஒட்டு ஓரளவு திரும்பும்.

சுழல் கத்திக்கு ஓர் எல்லை உண்டு: முக்கால் இஞ்சுக்குக் குறைந்த வடிவங்களை அதற்குக் கொடுக்காதீர்கள். சக்கரம் திரும்புவதற்கு இடம் வேண்டும். சின்ன வடிவம் என்றால் பின்னால் ஃப்யூசிங் ஒட்டி, நுண்முனைக் கத்தியால் வெட்டுவதுதான் வழி.

சதுரம் வேண்டாம், அறுகோணம் கொடு

நம் குயில்ட் துண்டுக்கு நடுப்பலகை, அதாவது கோலம் வரும் நடுத்துணி, தைத்து முடித்த பின் 12க்கு 10 இஞ்ச் வர வேண்டும். நாலு பக்கமும் தையலுக்குக் கால் கால் இஞ்ச் விட்டு, 12.5க்கு 10.5 என்று வெட்ட வேண்டும். இந்த நீளம் 12 இஞ்ச் மேட்டிலேயே அடங்காது. கத்தரியை எடுங்கள்.

சுற்றிலும் 2 இஞ்ச் சதுரங்கள்: மேலும் கீழும் ஆறாறு, பக்கங்களில் ஐந்தைந்து, மூலைக்கு நாலு, ஆக 26. ஒவ்வொன்றையும் இரண்டரை இஞ்சாக வெட்ட வேண்டும். மெஷினில் ஒரு மேட்டுக்கு 16 வரும், அதனால் இரண்டு மேட். ஒவ்வொன்றுக்கும் துணி ஒட்டி, உருட்டி, வெட்டி, உரித்து... அதற்குள் 44 இஞ்ச் அகலத் துணியில் இரண்டரை இஞ்ச் பட்டை இரண்டை வெட்டி, ஒவ்வொன்றையும் 17 சதுரமாக நறுக்கி, டீயும் குடித்துவிடலாம். பல நிறத்தில் துண்டு துணிகள் இருந்தால் மட்டும், அவற்றை மேட்டில் பக்கம் பக்கமாக ஒட்டி மெஷினுக்குக் கொடுக்கலாம்.

முக்கோணத்துக்கும் இதே கணக்கு. இரண்டு முக்கோணத்தைச் சேர்த்து ஒரு சதுரம் செய்வதென்றால், முடிந்த அளவோடு ஏழில் எட்டல்ல, எட்டில் ஏழு இஞ்ச் கூட்டிச் சதுரமாக வெட்டிக் குறுக்கே அறுத்தால் போதும். 4 இஞ்ச் வேண்டுமா, 4⅞ வெட்டுங்கள்.

அறுகோணம் அப்படியல்ல. அட்டைத் துண்டின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் முறையில், நூறு அட்டையும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கையால் வெட்டினால் பத்தாவது அட்டையிலேயே மனசு வெறுத்துவிடும். மெஷினுக்கு அது அல்வா. 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை உள்ள ஏ4 அட்டையில், பக்கம் 1 இஞ்ச் கொண்ட அறுகோணத்தைத் தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கினால் ஒரு வரிசைக்கு 4, ஏழு வரிசை, 28 துண்டு கிடைக்கும். துண்டுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் விடுங்கள். ஒட்டி வைத்தால் ஒரே கோட்டைக் கத்தி இரண்டு தடவை கீறி அட்டையைக் கிழிக்கும். அதற்குரிய துணி எல்லாப் பக்கமும் கால் இஞ்ச் பெரிதாக வேண்டும். அப்படியென்றால் பக்கம் 1.25 என்று போட்டுவிடாதீர்கள், துணி போதாது. சாய்வான மூலைகளால் பக்கத்தின் நீளம் 1.29 இஞ்ச் ஆகிறது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால் 2.23 இஞ்ச் இருக்க வேண்டும்.

மேலே ஒட்டித் தைக்கும் வடிவங்களும் மெஷினுக்கு உகந்தவை. மாங்காய், அன்னம், தாமரை எதுவானாலும் சரி. டெய்லர் பொருள் கடையில் 'ஃப்யூசிங்' என்று கேட்டால் காலருக்கு வைக்கும் ஒரு பக்க ஒட்டைக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் ஒட்டுகிற, காகிதம் வைத்த மெல்லிய வலை. துணியின் பின்பக்கம் அதை இஸ்திரி போட்டு ஒட்டி, காகிதப் பக்கம் கீழே மேட்டில் படும்படி வைத்தால் படம் உள்ளபடியே வெட்டுப்படும். காகிதம் மேலே இருந்தால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். எதிரும் புதிருமாக நிற்க வேண்டிய எட்டு மாங்காயை நான் ஒரே பக்கம் பார்க்க வெட்டி வைத்த கதை உண்டு. பாதியைத் திருப்பி வெட்ட வேண்டும் என்பது எட்டாவது மாங்காயை உரித்தெடுத்தபோதுதான் உறைத்தது.

கோடு போடுவதும் தைப்பதும்

26 சதுரங்களையும் நடுப்பலகையைச் சுற்றிக் கால் இஞ்ச் தையலில் இணைத்து இஸ்திரி போடுங்கள். மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு முன்பே கோலத்தைக் குறித்துவிட வேண்டும். அடியில் மெத்தென்று இருந்தால் ஸ்டென்சில் அமுங்கிக் கோடு நெளியும்.

ஆரி வேலை செய்பவர்கள் டிரேஸ் பேப்பரில் ஊசியால் துளை போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்கள். பார்த்திருக்கிறீர்கள்தானே? இதுவும் அதே தத்துவம்தான், மண்ணெண்ணெய் வாசனை மட்டும் இல்லை. அடர்நிறத் துணியில் சாக்பீஸ் தூளை ஒரு பழைய காட்டன் துணியில் பொட்டலமாகக் கட்டி, ஸ்டென்சில் மேல் தட்டித் தட்டித் தேயுங்கள். வெளிர்நிறத் துணியில், தண்ணீர் பட்டால் போகும் நீலப் பேனா. கோலத்தின் நடுவும் பலகையின் நடுவும் பொருந்துவதற்கு, பலகையை நாலாக மடித்து மடிப்புக் கோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்சிலை எடுத்த பின் விட்டுப்போன 34 இடைவெளிகளையும் கையால் இணைத்துவிடுங்கள். 3 மில்லிமீட்டர் அகலக் கோட்டில் தைப்பது எங்கே என்று குழம்ப வேண்டாம், பேனாவை எப்போதும் பள்ளத்தின் நடுவில் ஓட்டினால் போதும்.

நீலப் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, சூட்டில் கறை நிலைத்துவிடும். சூடுபட்டால் மறையும் பேனாவில் ஆபத்து நேர்எதிரானது: கடுங்குளிரில் கோடு திரும்பி வரும். நம்மூரில் கவலையில்லை. கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பப்போகிற குயில்ட்டில் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

நடு அடுக்குக்கு கடையில் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் கிடைக்கும். நம் வெயிலுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. பலமுறை துவைத்து மென்மையான காட்டன் வேட்டியை நாலாக மடித்து வைத்தால் தட்டையாக, குளுமையாக இருக்கும். கோலக் கோடும் தெளிவாகத் தெரியும். அடித்துணி, வேட்டி, மேல்துணி என்று அடுக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். அடித்துணியும் வேட்டியும் சுற்றிலும் 1 இஞ்ச் பெரிதாக இருக்கட்டும்.

கோலத்தைத் தையல் மெஷினில் தைப்பதென்றால், துணியை நாமே நகர்த்தும்படி, ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, அதற்குரிய வட்டக் காலை மாட்ட வேண்டும். பழக்கமில்லையென்றால் கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள், மூன்று மாலை வேலை. எங்கே தொடங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வளைவின் வெளி விளிம்பில் தொடங்கினால் முடிச்சு கண்ணில் படும். ஏதாவது ஒரு சந்திப்பில் தொடங்குங்கள். கோடு இரண்டாவது தடவை அந்த இடத்தைக் கடக்கும்போது முதல் முடிச்சின் மேல் ஏறிப் போகும். முழுதும் சுற்றி வந்து அங்கேயே சேரும்போது கடைசி முடிச்சும் அதற்குள் புதைந்துவிடும்.

சந்திப்பில் நேராகப் போக வேண்டும், திரும்பக் கூடாது. ஸ்டென்சிலில் அறுபட்ட கோடு எந்தப் பக்கம் தொடர்கிறது என்பதில் கை சில நேரம் தடுமாறும். தைக்காத பகுதி மிஞ்சியிருக்கும்போதே கோடு தொடங்கிய இடத்தில் வந்து மூடிக்கொண்டால், எங்கோ ஒரு சந்திப்பில் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்காகப் பிரிக்க வேண்டாம். தைக்காமல் விட்டுப்போன பகுதியை இன்னொரு நூலில் முடித்துவிடுங்கள், கோலம் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஓரத்துக்கு இரண்டரை இஞ்ச் பட்டையை இரண்டாக மடித்து வைத்துத் தைத்து, பின்பக்கம் மடக்கிக் கைத்தையல் போடுங்கள். சுற்றளவு 60 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 70 இஞ்ச் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். கஞ்சியும் நீலக் கோடும் போய், வேட்டி லேசாகச் சுருங்கி, தையலுக்கு இரு பக்கமும் துணி கொஞ்சம் உப்பி நிற்கும். ஸ்டென்சிலைத் துடைத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் படுக்கைவாட்டில் வையுங்கள். சுருட்டி வைத்தால் அந்த 34 பாலங்களில் ஏதாவது ஒன்று மடங்கிக்கொள்ளும்.